மைக்கில் விழுந்த மூச்சு

வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா காரிலிருந்து இறங்கினாள். எதிரே கனத்த சுவர்களுடன் ஒரு பழைய கட்டடம். ஒரு காலத்தில் நெஞ்சு நோயாளிகளைப் படுக்கவைத்திருந்த வார்டு அது. வெளிச் சத்தம் உள்ளே வராது என்று யாரோ அதை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிவிட்டார்கள். நல்ல மத்தியானம்தான், ஆனால் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டதால் உள்ளே கும்மிருட்டு.

"பினாயில் வாசனை இன்னும் போகலையேடா," என்றாள்.

"நீ என்ன மூக்காலயா வாசிக்கப்போறே? பேசாம வாக்கா," என்றான் தம்பி. அவன்தான் அங்கே சவுண்ட் இன்ஜினியர்.

வாத்தியக்காரர்கள் அக்காவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தராசு. சுருதி முடியளவும் விலகாது. தாளம் தப்பாது. ஆனால் பாராட்டுகிறவர்கள்கூட "சுத்தமா வாசிக்கிறாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இத்தனை வருஷமும் கும்பலோடு கும்பலாகப் பின்வரிசையில்தான் அவளுக்கு இடம். ஒரு பாட்டைத் தனியாக வாசிக்கும் வாய்ப்பு இதுதான் முதல் தடவை. இசையமைப்பாளரின் வாசலுக்கு நடையாய் நடந்து தம்பி வாங்கிக்கொடுத்தது.

முதல் தடவை வாசித்ததைக் கேட்டுவிட்டு இசையமைப்பாளர் வெளியூரிலிருந்து போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அக்காவும் கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்குப்பா. சரியா மட்டும்தான் இருக்கு. உள்ள ஆளே இல்ல. இதுக்கு நான் கம்ப்யூட்டர்லயே போட்டுக்குவேனே? இன்னொரு தடவை பாருங்க. வரலைன்னா விட்டுடுங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வாசிச்சு ஒரே ஒரு ஆள் அழுதாப் போதும்டா. ஒரே ஒரு ஆள். அதுக்குக்கூடவா நான் லாயக்கில்ல?"

தம்பி வில்லை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "ஒரு தடவை வாசிக்கா. வந்துடும்," என்று அவளை மறுபடி உள்ளே அனுப்பினான்.

பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே அக்கா. தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வில் தந்தியில் படுவதற்கு முன்னால், யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, மூச்சு சத்தம் விழுது."

"நான் வாயையே திறக்கலையேடா."

"சரி, கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள். மறுபடியும் அதே மூச்சு, முன்னைவிட நீளமாக. அதன் அடியில் ஈரமாக ஒரு கரகரப்பு.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கா."

அவள் சின்னப் பிள்ளை மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டினாள். தம்பி சிரித்தான்.

மூச்சு வந்தது.

அவள் கன்னம் உப்பியபடியே இருந்தது.

தம்பியின் சிரிப்பு நின்றது. அக்காவும் கேட்டிருக்க வேண்டும். தலையை மெல்லத் திருப்பி, தனக்கு இடப்பக்கம் இருந்த இருட்டைப் பார்த்தாள். அந்த நிமிஷமே அவன் ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கூட்டமாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் இருப்பவர் மூச்சை இழுத்ததும் அத்தனை பேரும் சேர்ந்து வில்லை இறக்குவார்கள். பின்வரிசையிலேயே வளர்ந்த கை அவளுடையது. யாருடைய மூச்சு என்று பார்க்காமலேயே இறங்கிவிட்டது.

அடேயப்பா, அது என்ன வாசிப்பு! ஓரிடத்தில் தயங்கியது. ஓரிடத்தில் தொண்டை அடைத்தவர்கள் பேசுவதுபோல் திணறியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த மூச்சு வந்தது, அதன் பின்னாலேயே அக்கா போனாள். நிறுத்து என்று சொல்ல வேண்டியவன் கண்ணீர் வழிய உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், மடையன்!

வாசித்து முடித்து அவள் வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் மின்னியது.

"அழுதியாடா?"

"அழுதேன்க்கா."

"பொய் சொல்லாத."

"உன்மேல சத்தியமா."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கை சில்லென்று இருந்தது. அவன் பதிவை உடனே இசையமைப்பாளருக்கு அனுப்பினான். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், தொழில் பழக்கத்தில், கம்ப்யூட்டர் திரையில் முதல் மூச்சைத் தேடிப்பிடித்து வெட்டி எடுத்தான்.

பக்கத்தில் அக்கா "ஹக்" என்றாள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. முதுகில் தட்டினான், தண்ணீரைக் கொடுத்தான். அவள் முகம் நீலம் பாய்ந்தது. அவள் விரல் திரையைக் காட்டியது.

வெட்டியதைத் திரும்ப ஒட்டினான்.

காற்று உள்ளே போனது. அதன் அடியில் ஈரமாக ஒரு கரகரப்பு.

"மறுபடி தொடாதடா," என்றாள் கிசுகிசுப்பாக.

"தொட மாட்டேன்க்கா. தொடவே மாட்டேன்." அவளைக் கட்டிக்கொண்டான். எப்படியாவது வெளியே கூட்டிப்போய்விட வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா பண்ணிட்டாங்க உங்க அக்கா!" இசையமைப்பாளரின் குரல் தழுதழுத்தது. "அழுதுட்டேன்யா. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்ல."

அக்காவின் கண் நிறைந்தது. ஆயுசு முழுக்க ஏங்கியது காதில் விழுந்த சந்தோஷம் அந்த வெளுத்த முகத்தில் தெரிந்தது.

"ஒரே ஒரு குறை. நடுநடுவே மூச்சு சத்தம்."

"சார், அதைத் தொடாதீங்க! அப்படியே இருக்கட்டும் சார், கால்ல விழறேன்!"

"அட, நீ எதுக்குப் பதறுறே? உனக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லா மூச்சையும் நானே கம்ப்யூட்டர்ல பிடிச்சு வெச்சுட்டேன். இதோ, ஒரே அழுத்துல வெட்டிடறேன்."

"சார்—"

அக்கா அவன் தோளைப் பிடித்தாள். பிடி இறுகியது. சட்டைக்கு மேலேயே நகம் பதிந்தது. பிறகு தளர்ந்தது.

"இப்பக் கேளு," என்றது போன். "எவ்வளவு சுத்தமா இருக்கு!"

அவன் கேட்கவில்லை. அக்காவை மடியில் கிடத்தி, அக்கா, அக்கா என்று உலுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கின் கீழே யாரும் இல்லை. மைக்கை அணைக்க அவன் மறந்திருந்தான்.

மேசைமேல் கிடந்த ஹெட்போனில் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது.

இந்த முறை இரண்டு பேர், ஒன்றாக.