வலி எண் பூஜ்யம்

செண்பகவல்லிக்கு எதுவும் வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் கழிவறையில் பார்த்தது கண்ணை விட்டு அகலவில்லை. ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைக் கேட்டதும் கணவன் திருமேனி ஆட்டோவைக் கூப்பிட்டான்.

இப்போது கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனைக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி இருபது பேர். ஒருவர்கூட முனகவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல அமைதியாக இருந்தார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன், எடை குறைவதற்காக அவளுடைய இரைப்பையை முட்டையளவுக்குச் சுருக்கிக் குடலோடு தைத்தார்கள். அந்தத் தையலுக்கு வலி மாத்திரை ஆகாது, புண்ணாக்கி ஓட்டையே போட்டுவிடும், பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் சொன்ன அளவில்தான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அந்தத் தொல்லையே வேண்டாமென்று கண்டுபிடித்ததுதான் வலியடக்கி. முதுகுத்தண்டின் ஓரம், தோலுக்கடியில், அரிசியளவு இயந்திரம். நரம்பில் வருகிற வலியை மூளைக்குப் போகவிடாமல் வழியிலேயே மடக்கிவிடும். அதோடு மணிக்கட்டில் ஒரு பட்டை, மூளைக்குப் போய்ச் சேர்கிற வலி பத்துக்கு எத்தனை என்று காட்டும். முதலில் அவளைப் போல வயிறு சுருக்கியவர்களுக்கு மட்டும் வைத்தார்கள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மூட்டுவலி, முதுகுவலி என்று ஊரே வைத்துக்கொண்டது.

வலியடக்கி வலியைத்தான் தடுக்கும், காய்ச்சலைத் தடுக்காது. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாழாய்ப்போன பழக்கம், தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்க் காய்ச்சலுக்கு ஒரு செட் கேட்டாள். கடைக்காரர் நாலு விதமான மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார். அதில் மஞ்சளாக இருந்ததுதான் டாக்டர் ஆகாதென்ற வலி மாத்திரை. என்ன மாத்திரை என்று அவளும் கேட்கவில்லை, வயிற்றில் தையல் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை. ஐந்து நாள், மூன்று வேளை விழுங்கினாள். வயிறு ஒரு தடவை சுருக்கென்றிருந்தால் நிறுத்தியிருப்பாள். சொல்ல வேண்டிய வயிற்றின் வாயைத்தான் கட்டியாயிற்றே.

யார் முதலில் உள்ளே போவது என்று முடிவு செய்ய உள்கதவருகே நின்ற வரிசைப் பொறி அவள் மணிக்கட்டுப் பட்டையைப் படித்தது. வலி எண் பூஜ்யம், காத்திருக்கவும் என்றது. கறுப்பாகப் போனதைத் திருமேனி மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் அதே பதில்தான். அதிகமாகக் கத்துகிறவரை முதலில் பார்ப்பது பழைய வழக்கம். அதை அப்படியே பொறிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.

அவள் கை ஐஸாகச் சில்லிட்டது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் போன நர்ஸைத் திருமேனி மறித்தான். அவள் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"எண் ஏறினாத்தான் சார் கதவு திறக்கும். அந்தப் பட்டையில விரலை வச்சு வலியடக்கிய அணைங்க. அவங்க விரலுக்கு அணையாது, வேற ஆள் விரல் வேணும். நாங்க தொடக் கூடாது."

பட்டைவரை போன திருமேனியின் விரல் அங்கேயே நின்றது. கட்டிய மனைவிக்குத் தானே வலியைக் கொடுப்பதா என்று உள்ளுக்குள் பதறினான்.

"தாங்குவியா?" என்றான்.

"சாகுறதுகூடத் தெரியாமப் போயிருவேன் போல. எனக்குப் பயமா இருக்குங்க. அமுக்குங்க."

அமுக்கினான். மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு செண்பகவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கினாள். அவள் கத்திய கத்தலைப் போல ஒன்றை அந்தக் கூடம் கேட்டுப் பல வருடங்களாகியிருந்தது. பட்டையில் ஒன்பது என்று எரிந்தது. கதவு படாரென்று திறந்தது. தள்ளுபடுக்கையோடு ஓடி வந்த டாக்டர் வயிற்றில் கை வைத்ததுமே, தையலில் ஓட்டை விழுந்துவிட்டது, அறுவைக்கூடத்தைத் தயார் செய்யுங்கள் என்றார். இன்னும் அரை மணி போயிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். அவள் அழுதுகொண்டே கணவனின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள். அவனுக்கு உயிர் வந்தது.

பின்னாலேயே ஓடப்போனவனின் முழங்கையை யாரோ பிடித்தார்கள். கடைசி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த பெரியவர். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்தது. அவர் பட்டையிலும் பூஜ்யம்தான்.

"துணைக்கு ஆள் இல்லாம வந்துட்டேன் தம்பி," என்று மணிக்கட்டை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் அணைச்சு விட்டுட்டுப் போங்க."

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கையை நீட்டத் தொடங்கியிருந்தார்கள்.