கறுப்புப் புடவையில் ஓர் ஓட்டை

போன் அலறியது.

அண்ணாதுரை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி பேசறேன். உங்க உரக்கடையில வேலை பார்த்த நடராசனை மூணு நாளா காணோம்னு புகார் வந்துச்சுல்ல? மதகுல பொணம் ஒதுங்கியிருக்கு சார்."

"ஐயோ... நடராசனா!"

குரல் அழகாக உடைந்தது. முதல் நாளே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"குடிச்சிட்டு வாய்க்கால்ல தவறி விழுந்த மாதிரிதான் தெரியுது. சாயங்காலம் வந்து உங்ககிட்ட ஒரு வாக்குமூலம் மட்டும் வாங்கிக்கறேன்."

"வாங்க, வாங்க!"

போனை வைத்துவிட்டுச் சிரித்தார். காலாவதியான பூச்சி மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி, வலங்கைமான் வட்டாரத்தில் பாதிப் பேர் தலையில் மிளகாய் அரைத்தவர் அவர். அதை வெளியே சொல்லிவிடுவேன் என்று குதித்தான் நடராசன். ஒரு விடியற்காலை, பேசித் தீர்க்கலாம் வா என்று கொல்லைப் பக்கம் அழைத்தார். பேச்சு இரண்டே நிமிஷம். மிச்சத்தை வாய்க்கால் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

"என்னங்க... இங்க வாங்களேன்!"

பின்கட்டு அறையிலிருந்து மனைவி கனிமொழி. குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மாதமாகக் காலில் மாவுக்கட்டு. நாற்காலி, ஜன்னல், கேமரா... இவ்வளவுதான் அவள் உலகம். ஜன்னலில் பழைய கறுப்புப் புடவையைக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தாள். உள்ளே ஆள் இருப்பது பறவைகளுக்குத் தெரியாது.

"எடுத்த படமெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டிருந்தேன். இந்த மீன்கொத்தியைப் பாருங்க!"

பார்த்தார்.

வேலிமேல் மீன்கொத்தி ஜோராக உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் வாய்க்கால் கரை. அங்கே மங்கலாக, குனிந்த ஓர் உருவம்... எதையோ தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தது!

அண்ணாதுரை கேமராவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"பின்னாடி... யாரு அது?"

"தெரியலீங்க. ராத்திரி எழில்மொழி லேப்டாப்போட வர்றால்ல? பெருசாக்கிப் பார்த்தா மூஞ்சி தெரிஞ்சிடும்."

எழில்மொழி, ஒரே மகள்.

"அழிச்சிடு கனி. படமே கெட்டுப்போச்சு."

"நல்லா சொன்னீங்க! இதுக்கு எத்தனை நாள் காத்துக் கிடந்தேன் தெரியுமா?"

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது அவருக்கு.

ஒரே ஒரு நிமிஷம்தான்.

"இன்னிக்கு நானே சமைக்கிறேன். விரால் மீன் குழம்பு!"

"இன்னிக்கு அமாவாசைங்க. அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?"

"நம்ம வீட்டுக்கு எதுடி அமாவாசை?"

வாஸ்தவம். அப்பா காலத்திலிருந்தே அது சாமி படம் இல்லாத வீடு. காக்காவுக்குச் சோறு வைக்கிற மூடநம்பிக்கையெல்லாம் இந்த வாசப்படி தாண்டக் கூடாது என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார்.

குழம்பு கொதித்தது. கடையிலிருந்து வந்த ஒரு பாட்டில் அவள் சோற்றில் கவிழ்ந்தது. மீன் வாசத்தில் மருந்து வாசம் தெரியவில்லை.

"சூடா சாப்பிடு. நான் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

கால் முடங்கிய விரக்தியில் மருந்தைக் குடித்துவிட்டாள் என்று திரும்பி வந்து அழ வேண்டும். அதுவரை நாலு பேர் கண்ணில் பட வேண்டும். டீக்கடையில் ஒரு மணி நேரம் உரக்கப் பேசினார். இரண்டு மெதுவடை சாப்பிட்டார். நன்றாகவே பசித்தது.

திரும்பி வந்தார்.

கனிமொழி ஜன்னல் விளிம்பில் தலை சாய்த்துக் கிடந்தாள். தட்டு காலி!

"கனி?"



மாவுக்கட்டுக் காலில் ஓர் உதை விட்டுப் பார்த்தார். அசைவில்லை.

காலி பாட்டிலை அவள் கையருகே வைத்தார். கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி, பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கினார்.

"மீன்கொத்தியா எடுக்கிற, மீன்கொத்தி! நடராசனை நான் தண்ணியில அமுக்குறப்பதானா உனக்குப் படம் கேட்டுச்சு? நீயும் அவன் பின்னாலயே போ!"

கா... கா... கா...!

வெளியே ஒரே இரைச்சல். புடவையை விலக்கிப் பார்த்தார்.

தென்னை மரமெங்கும் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. கீழே இரண்டு காக்கைகள் மல்லாந்து கிடந்தன. அவற்றைச் சுற்றி, மீன் குழம்புச் சோற்றுப் பருக்கைகள்!

"ரெண்டுமே எங்கிட்ட பழகுன காக்காங்க."

முதுகுக்குப் பின்னால் குரல். அண்ணாதுரை திரும்பினார். கனிமொழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. காக்கைகளுக்காக.

"நீ... சாப்பிடல?"

"முதல் உருண்டை காக்காவுக்கு. ரெண்டு மாசமா தினமும் வைக்கிறேன்."

"இந்த வீட்டுலயா? மூடநம்பிக்கை...!"

"நம்பிக்கையாவது மண்ணாவது! சோறு வச்சுப் பழக்கினாத்தான் பறவை கிட்ட வரும். சொன்னா குதிப்பீங்கன்னு சொல்லல."

அவள் கழுத்தை நோக்கிப் பாய்ந்தார்.

"கையை எடுங்க சார்!"

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி வெளிப்பட்டாள். கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"காக்கா விழுந்ததுமே மேடம் போன் பண்ணிட்டாங்க. மிச்சச் சோறு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. நீங்க இப்ப பேசினதும் போன்ல பதிவாயிடுச்சு."

அண்ணாதுரை வெறி பிடித்தவர் போலச் சிரித்தார்.

"படம் போச்சே! ரெண்டு துண்டா நறுக்கிட்டேனே!"

"போகட்டும்ங்க," என்றாள் கனிமொழி. "நீங்க வெளிய போனதும் தேதியைப் பார்த்தேன். போன மாசம் எடுத்தது. பக்கத்து வயல் ஷேக் பரீத் பாய்க்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர்தானாம் அது. கன்னுக்குட்டியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்திருக்காரு."

அண்ணாதுரையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாங்களும் விபத்துன்னு எழுதி ஃபைலை மூடத்தான் சாயங்காலம் வர்றதா இருந்தோம்," என்றாள் ஜெயபாரதி. "கெடுத்துக்கிட்டீங்களே!"

கைவிலங்கு மாட்டப்பட்டது. வெளியே காக்கைகள் இன்னும் அடங்கவில்லை.

"நடங்க சார். இனிமே ஜெயில் சாப்பாடுதான். காக்காவுக்கு வைக்காமலே தைரியமா சாப்பிடலாம்!"