நான்காவது டிஸ்க்

ஞாயிறு காலை 9.20. டி.வி. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: டிஸ்க் காலி.

சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பாப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு ஆறு வயது.

"அப்பா, காலின்னா? அம்மா இன்னிக்கு வர மாட்டாங்களா?"

அப்பா டிஸ்க்கை வெளியே எடுத்தார், சட்டையில் துடைத்தார், மறுபடி போட்டார். காலி. உறையைத் திருப்பிப் பார்த்தார். 'அம்மா கதை' என்று பென்சிலில் அவர் கையெழுத்துதான் இருந்தது. மூன்றாவது தடவையும் காலி என்றதும் மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போனது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு பாப்பாவின் அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அதற்கு முந்தின நாள் அவள் பாப்பாவுக்காக ஒன்பது கதைகள் சொன்னாள். கணவர் இரவல் கேமராவில் பிடித்தார். மொத்தம் ஐம்பத்தைந்து நிமிஷம். வீட்டு ரெக்கார்டரில், அழித்து எழுதும் டிஸ்க் ஒன்றில் அதை ஏற்றிவிட்டு, கேமராவை டேப்போடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த டேப்பில் இப்போது யார் வீட்டுக் கல்யாணமோ இருக்கிறது. ஆக, அந்தக் குரல் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு டிஸ்க்கில்தான். ஞாயிறுக்கு ஒரு கதை என்று பாப்பா கேட்டுவந்தாள்.

9.45. அப்பா கூப்பிட்டதும் மாடி வீட்டிலிருந்து ரேகை மேடம் இறங்கி வந்தார். போலீஸ் கைரேகைப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்ப்பவர். குடியிருப்பில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளத் துணிச்சலும் கிடையாது.

"டிஸ்க்கை யார் யார் தொட்டீங்க?"

"எல்லாரும்தான் மேடம்."

"நல்லது. இருபது வருஷ சர்வீஸை அஞ்சு நிமிஷத்துல ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்க. சரி, வீட்ல யார் யாரு?"

பாப்பாவின் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மா வீட்டில். அம்மாவின் தம்பி ஒருவன் கூடவே இருந்தான். ஒவ்வொரு மேட்ச்சையும் பதிவு செய்து மூன்று தடவை பார்ப்பதால் அவனுக்கு 'ரீப்ளே' என்று பெயர். நாலாவது ஆள் அப்பாவின் அக்கா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஆறு மணி ஷிஃப்ட். அன்றும் விடிவதற்குள் கிளம்பிப் போயிருந்தார், இரண்டு மணிக்குத்தான் வருவார். அவருக்கும் பாப்பாவின் அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாளியை யார் எடுத்தது என்பதில் தொடங்கிய சண்டை. அந்த வாளி உடைந்தே ஒரு வருஷம் ஆகிறது.

"டிஸ்க் மேல ஏன் எதுவும் எழுதலை?" என்று கேட்டார் மேடம்.

"மை ஊறிப் படம் கெட்டுடுமோன்னு பயம் மேடம். உறை மேல பென்சிலாலதான் எழுதுவேன்."

"அப்ப எதை அழிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"ஷெல்ஃப்ல நிக்கற உறைன்னா வச்சுக்கணும். படுத்திருந்தா அழிக்கலாம். இது எங்க வீட்டு வழக்கம். சனிக்கிழமை சாயந்தரம் படுத்திருக்கறதை எல்லாம் எடுத்து மொத்தமா அழிச்சு வைப்பேன்."

"உறையைப் படிச்சுப் பாத்துத்தானே?"

அவர் தலையைச் சொறிந்தார். "கண்ணாடி போட்டுக்கறதில்லை மேடம். அதான் படுத்திருக்கே, அப்புறம் என்ன படிக்கறது?"

"நேத்து எத்தனை அழிச்சீங்க?"

"நாலு."

மேடம் ரீப்ளே பக்கம் திரும்பினார். "நீ எத்தனை உறையைப் படுக்க வச்ச?"

"மூணு மேட்ச், மூணு டிஸ்க். இன்னொண்ணும் இருக்கு மேடம். என் டிஸ்க் ஒண்ணைக் காணோம். புதுசா பிரிச்சது. பத்து நிமிஷம்தான் பதிவாச்சு, மழை வந்து மேட்ச் நின்னுபோச்சு. உறை இல்லாம ரெக்கார்டர் மேலயே வச்சிருந்தேன்."

"டேய், எது முக்கியம்னு ஒரு விவஸ்தை வேண்டாமா?" என்று அப்பா சீறினார்.

"இருக்கட்டும்," என்றார் மேடம். "எப்பலேர்ந்து காணோம்?"

"வெள்ளிக்கிழமை. அன்னிக்கு மூணு மணிக்கு மேட்ச்னு ரெண்டரைக்கே வேலையிலேர்ந்து ஓடி வந்துட்டேன். வந்து பாக்கறேன், டிஸ்க் இல்லை. நேத்து முழுக்க இந்த சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை."

அதற்குள் அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. நான்கிலிருந்து மூன்றைக் கழிக்க யாருக்கும் துப்பறியத் தெரிய வேண்டாம்.

"போன ஞாயித்துக்கிழமை கதை முடிஞ்சதும் பாப்பா அழுதா. அவளைத் தூக்கிக்கிட்டே உறையை வச்சேன். படுக்க வச்சுட்டேன் போலிருக்கு மேடம். என் கையாலயே அவ குரலை அழிச்சுட்டேன்."

அவரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். "இந்த வீட்ல எதுதான் உருப்படியா இருக்கு? இந்த டி.வி.யும் பழுது. பட்டறைச் சத்தத்துல எனக்குக் காது மந்தம், வால்யூம் முப்பதுல இருந்தாத்தான் கேக்கும். தினம் சாயந்தரம் வந்து போட்டா நாலுல நிக்குது. தானா இறங்குது."

"நேத்து இறங்கிச்சா?"

"நேத்து இறங்கலை."

சமையலறை வாசலில் பாப்பாவின் அம்மா நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கதை ஓட ஆரம்பித்தாலே அவள் அங்கே போய்விடுவாள். தன் குரலைத் தானே கேட்க அவளால் முடியாது. கையிலிருந்த சிலேட்டில் எழுதி மேடத்திடம் நீட்டினாள்.

'மத்தியானம் மாத்திரை போட்டுப் படுத்தா, தூக்கத்துல என் குரல் கேக்கும். இனிமே அதுவும் கேக்காதா?'

மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

10.30. மேடம் டிஸ்க்கை ஜன்னலுக்கு எடுத்துப் போனார். கண்ணாடி டம்ளரில் ரேகை தேடுவதுபோல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அப்பாவை அழைத்தார்.

"இங்க பாருங்க. உங்க ரெக்கார்டர் அழிக்கறது உள்ளே என்ன இருக்குங்கற பட்டியலை மட்டும்தான். எழுதின இடம் நிறம் மாறி அப்படியே இருக்கும். உள்ளேயிருந்து வெளியே பாத்து எழுதிட்டே போகும். ஐம்பத்தஞ்சு நிமிஷம்னா வளையம் எதுவரைக்கும் வரணும்?"

"விளிம்பு வரைக்கும்."

"இதுல?"

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத்தான் வளையம். மிச்சமெல்லாம் கை படாத புது டிஸ்க்.

"என் மழை மேட்ச்!" என்று கத்தினான் ரீப்ளே.

"உன் மழை மேட்ச்தான். நீங்க அழிச்சது நாலு டிஸ்க், சரி. கதை உறையையும் எடுத்தீங்க, சரி. ஆனா அதுக்குள்ள அப்ப கதை இல்லை. அதுக்கு முன்னாடியே யாரோ திருடிட்டாங்க."

திருட்டு நடந்தது தெரிந்து ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை மேடம் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். திருடன் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

"வெளியாள் யாராவதா மேடம்?"

"கதை டிஸ்க்கை எல்லா பிளேயர்லயும் ஓடற மாதிரி ஃபைனலைஸ் பண்ணினீங்களா?"

"இல்லை. பண்ணிட்டா அப்புறம் எதையும் சேர்க்க முடியாதே. ஒருவேளை இவளுக்குப் பேச்சு திரும்பி வந்தா, பத்தாவது கதைன்னு…"

"அப்ப அது இந்த ரெக்கார்டரைத் தவிர வேற எதுலயும் ஓடாது. வெளியாளுக்கு அதால பிரயோஜனம் இல்லை. ரெண்டு மணிக்கு வரேன். அதுவரைக்கும் ஷெல்ஃபை யாரும் தொட வேண்டாம்."

பிற்பகல் 2.05. அத்தை ஷிஃப்ட் முடிந்து வந்தார். உயரமான, கறாரான பெண்மணி. கதவைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும், பாத்திரத்தை வைத்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"அக்கா, அவ கதை டிஸ்க்கை யாரோ எடுத்துட்டாங்க," என்றார் அப்பா.

அத்தை தோள்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்தது நீங்கதான்," என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. "உங்க தம்பி சொன்னதை யாரும் காதுல வாங்கலை. டி.வி. வால்யூம் தானா இறங்காது. தினமும் யாரோ நாலுல வச்சுக் கேட்டிருக்காங்க. பக்கத்து அறையில ஒருத்தர் தூங்கறப்ப, அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் இந்த வீட்ல முழிச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான். அந்தச் சத்தம்தான் மாத்திரைத் தூக்கத்துல இவங்களுக்கும் கேட்டிருக்கு. வெள்ளிக்கிழமை ரீப்ளே ரெண்டரைக்கே வந்துட்டான். நீங்க அவசரமா டிஸ்க்கை எடுத்து ஒளிச்சு, உறை காலியா இருக்கக் கூடாதுன்னு ரெக்கார்டர் மேல கிடந்ததை உள்ளே போட்டு, எடுத்தது தெரியாம இருக்க உறையைப் படுத்திருந்தபடியே வச்சீங்க. நேத்து அவன் சோபாவை விட்டு நகரலை. திருப்பி வைக்க வழியில்லை. கேக்கற ஆளும் இல்லை, அதான் நேத்து வால்யூம் இறங்கவும் இல்லை. சரியா?"

அத்தை பையைத் திறந்தார். மடித்த வெள்ளைத் துண்டுக்குள், கீறல் படாமல், டிஸ்க் இருந்தது.

"எதுக்கு அக்கா? உனக்குத்தான் அவ பேச்சே பிடிக்காதே?"

"பிடிக்காதுன்னு யாருடா சொன்னா?" அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு வருஷத்துல அவ என்கிட்ட பேசினது ஒரே ஒரு தடவை. அது இதுலதான் இருக்கு. அஞ்சாவது கதை சொல்லறப்ப நான் சமையலறையில பாத்திரத்தைப் போட்டேன். சண்டையை மறந்து 'அண்ணி'ன்னு கூப்பிட்டா. எனக்குக் கேட்டுது. வீம்புக்குப் பதில் சொல்லலை. மறுநாள் ஆபரேஷன். அப்புறம் எங்கே போய் நான் பதில் சொல்ல?"

பாப்பாவின் அம்மா சிலேட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. தேடுவதை விட்டுவிட்டு நேராக வந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. நன்றி என்பதைப் படிக்க அங்கே யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

"நீ எடுக்கலைன்னா நேத்தே போயிருக்கும்கா," என்றார் அப்பா. "நான் அழிச்சிருப்பேன். உனக்கு நான் எப்படி…"

"சும்மா இருடா," என்றார் அத்தை. ஆனால் அதட்டல் சரியாக வரவில்லை.

2.40. மேடம் சொன்னபடி முதலில் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்தார்கள். நாளைக்கு, அழிக்கவே முடியாத டிஸ்க்குகளில் மூன்று பிரதி எடுப்பதாகப் பேச்சு. பிறகு பாப்பா, தனக்குப் பாக்கியுள்ள இந்த வாரக் கதை ஐந்தாவதுதான் என்று அடித்துச் சொன்னாள். அது முறைப்படி எத்தனையாவது என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை அம்மா சமையலறைக்குப் போகவில்லை. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதையில் ஒரு ஆமை ரயிலேறப் போனது. டிக்கெட் வாங்குகிற இடத்தில் உள்ளேயிருந்து டமால் என்று ஒரு சத்தம் வந்தது. திரையில் இருந்தவள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணி, பாத்திரத்தைக் கொஞ்சம் மெதுவா வைங்களேன். பாப்பாவுக்குக் கதை சொல்லிட்டிருக்கேன்."

"சரிம்மா," என்றார் அத்தை. "நீ சொல்லு."