நிரோஜினி நடத்திய வில்லைச் சோதனை

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாளே நிரோஜினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கரும்பலகையில் ரீச்சர் எழுதிய எட்டு, மூன்று போலத் தெரிந்தது.

பழைய கண்ணாடியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அதன் வில்லைகள் உண்மையான கண்ணாடி. விளையாடும்போது விழுந்து இடது வில்லை உடைந்துவிட்டது. பருத்தித்துறையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கனகரத்தினம், அதே அளவில் புதியது செய்து கொடுத்தார். ஆனால், பிளாஸ்டிக் வில்லை.

“லேசிலை உடையாது பிள்ளை, பாரமும் இல்லை,” என்றார். வாசித்துப் பார்க்கச் சொல்லவே இல்லை. பெட்டியைக் கையில் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏன் அவ்வளவு அவசரம்?

“அந்த மனுசன் ஏமாத்திப்போட்டார்,” என்று பக்கத்து மேசை லக்சனிடம் சொன்னாள்.

அடுத்த நாள் லக்சன் வந்து, “நானும் அங்கைதான் கண்ணாடி செய்ய இருந்தனான். அம்மா வேண்டாமெண்டிட்டா. ஊர் முழுக்கச் சொல்லப்போறாவாம்,” என்றான்.

நிரோஜினி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். தான் சொன்னது உண்மைதானா?

அன்று பின்னேரம் சுவர்க் கலண்டருக்கு எதிரே நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

“இடது கண்ணைப் பொத்திறன். வலது கண்ணுக்கு முன்னாலை ஒருக்காப் பழசை, ஒருக்காப் புதுசைப் பிடியுங்கோ. எது எண்டு சொல்லக்கூடாது.”

“ஏன் பிள்ளை?”

“தெரிஞ்சால், பிளாஸ்டிக் கூடாது எண்டு நானே நினைச்சிடுவன்.”

இரண்டு பிரேமும் கறுப்பு. முதல் பிடித்ததில் எழுத்துகள் கலங்கின. அடுத்ததில் சின்ன எழுத்தும் தெரிந்தது.

“தெளிவாத் தெரிஞ்சது பழசு. நாளைக்கு அந்த ஆளோடை கதைக்கிறன்,” என்று அப்பா மீசையைத் தடவினார்.

“பொறுங்கோ அப்பா. புதுசிலை ரெண்டு வில்லையும் பிளாஸ்டிக்தானே? அப்ப மற்றதும் கலங்கவேணும். தலைகீழாத் திருப்பி, மற்ற வில்லையை இந்தக் கண்ணுக்குப் பிடியுங்கோ.”

அப்பா பிடித்தார். கலண்டரின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட அவள் வாசித்தாள்.

“அப்பா, பிளாஸ்டிக்கிலை பிழையில்லை. என்ரை ரெண்டு கண்ணுக்கும் வேறை வேறை அளவு. வில்லைதான் பக்கம் மாறியிருக்கு.”

மறுநாள் இருவரும் இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் நிரோஜினி, “ஐயா, இதை ஒருக்காப் பாக்கிறியளோ? இடமும் வலமும் மாறின மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

கனகரத்தினம் அதை வில்லை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. “ஓம் பிள்ளை. அண்டைக்குக் கரண்ட் நிக்கப்போகுது எண்டு அந்தரப்பட்டு, அவசரத்திலை வில்லையளை மாத்திப் பூட்டிப்போட்டன். என்ரை பிழைதான்.”

பத்து நிமிடத்தில் சரிசெய்தார். இந்த முறை எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். நிரோஜினி பழைய வில்லையாலும் புதிய வில்லையாலும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எப்பிடி?” என்று கேட்டார்.

“கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். மூக்குக்குத்தான் பிளாஸ்டிக் நல்லது.”

மூவரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் லக்சன் வீட்டுப் படலையைத் தட்டினாள். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

“அன்ரி, அவர் ஏமாத்தேல்லை. வில்லை பக்கம் மாறிப்போச்சு. நான்தான் விசாரிக்காமல் கதைச்சிட்டன்.”

லக்சனின் அம்மா உள்ளே திரும்பி, “லக்சன், உடுப்பை மாத்து. கண்ணாடி செய்யக் கனகரத்தினத்தின்ரை கடைக்குப் போயிட்டு வருவம்,” என்றார்.