பெருக்கிய அறை

மத்தியான வெயிலில் திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் வரை நடந்தே வந்திருந்தாள் சிட்டம்மாள். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் வரதனைக் கண்டதும் பேச்சுக்கு முன்னால் அழுகைதான் வந்தது.

பிரபல நாவலாசிரியர் ஒருவரின் பூர்வீக வீட்டில் வேலை செய்பவள் அவள். அவர் காலமான பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸ் வாசகர்கள் வேன் பிடித்து வந்து அந்த வீட்டையும், பக்கத்து ஊரான பெருநகரில் இருக்கும் அவருடைய மாமனார் வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்று அவர்கள் பார்த்தது காலி மேஜையைத்தான். மேலே இருந்த வெள்ளி வெற்றிலைப் பெட்டியைக் காணவில்லை. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த சீர் அது. அதைத் திரும்ப வாங்கிப் போகப் பெருநகர்க்காரர்கள் இன்று வருவதாக இருந்தது.

வீட்டுக்காரர் சுப்பிரமணி நாவலாசிரியரின் தம்பி மகன். அத்தனை பேர் முன்னாலும் சிட்டம்மாளைத் திருடி என்று சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் பெட்டி வராவிட்டால் போலீஸ்.

“எம்பொண்ணு அம்முலுக்கு தை மாசம் கண்ணாலம் சார். அம்மாக்காரி திருடின்னா எவன் கட்டுவான்?”

வழக்கு என்றால் சைக்கிள் கடையை மூடிவிட்டு ஓடிவரும் ஐசக், வேனில் வந்தவன்தான் எடுத்திருப்பான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். வேன் வரும்போதே மேஜை காலி என்றாள் அவள்.

மூவரும் பஸ் ஏறினார்கள். சுப்பிரமணியின் மனைவி சுலோச்சனா விடியற்காலையில் கூரத்திலுள்ள தாய் வீட்டுக்குக் கிளம்பியதாகவும், வீட்டுச் சாவி ஒன்று தன்னிடம் இருந்தாலும் தான் கொல்லையில் சமையலோடு இருந்துவிட்டதாகவும் சிட்டம்மாள் வழியில் சொன்னாள்.

சுப்பிரமணி வரதனை மரியாதையாகத்தான் வரவேற்றார். “சம்சாரத்த பஸ் ஏத்திட்டு நேரா கழனிக்குப் போய்ட்டேன். போறப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். இவ அந்த ரூம்ப பெருக்கிக்கினு இருந்தா.”

கூடத்தில் சுலோச்சனாவின் தலையிலிருந்து உதிர்ந்த கனகாம்பரம் மிதிபட்டுக் கிடந்தது. நாவலாசிரியரின் அறையில் மட்டும் தூசி இல்லை. கதவு மூலையில் ஒரு சின்னக் குப்பைக் குவியல், அதில் பாக்குத் தூள். அவர் கடைசியாகச் சீவிய பாக்கு அந்தப் பெட்டியிலேயே இருந்ததாக ஐசக் விசாரித்து வந்து சொன்னான்.

“கூடத்த ஏம்மா பெருக்கல?” என்றார் வரதன்.

“அம்மா காலைலதான் ஊருக்குப் போனாங்க. போன அன்னிக்கே வூட்ட பெருக்கலாமா சார்? போனவங்கள திரும்பி வராதேன்னு சொல்றாப்ல ஆயிடும். வேன்காரங்க இன்னா நெனச்சாலும் சரின்னு வுட்டுட்டேன்.”

வரதன் சுப்பிரமணி பக்கம் திரும்பினார்.

நிதானமாகச் சொன்னார்: “பெருக்கறவ கூடத்த வுட்டுட்டு உள் ரூம்ப மட்டும் பெருக்க மாட்டா. குப்பைய மூலைல தள்ளிட்டுப் போகவும் மாட்டா, முறத்துல வாரிடுவா. துடைப்பம் பிடிச்சே பழகாத கை இது. பெட்டிய தூக்கறப்ப பாக்கு கொட்டிடுச்சு, பெருக்கிட்டீங்க. தினம் காலைல பெருக்கற வூடுதானேன்னு அவ மேல போட்டுட்டீங்க. இன்னிக்கு இந்த வூட்ல துடைப்பத்தையே எடுக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியல.”

நெல் குதிரிலிருந்து பெட்டியைச் சுப்பிரமணியே எடுத்து வந்தார். “இதுவும் பெருநகருக்குப் போய்ட்டா எவன் சார் இங்க வருவான்? வெறும் செவுருதான் மிச்சம்.”

வரதனுக்குப் பாவமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. அம்முலுவின் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கே சுப்பிரமணியைக் கூட்டிப் போய், நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். கல்யாணம் நின்றுபோகாது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சிட்டம்மாளுக்கு மூச்சே வந்தது.

திரும்பி வந்ததும் சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டு, நாளைக்கு வேலைக்கு வந்துவிடும்படி அவளிடம் சொன்னார். சிட்டம்மாள் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள்.

“நா படி எறங்குனதும் தாராளமா பெருக்கிக்கோங்க ஐயா. நா திரும்பி வரப் போறதில்ல.”