வளராமல் நின்ற வரிசை

“ஹலோ... கண்ணு என்ன முதுகுலயா இருக்கு உங்களுக்கு?”

அவள் அவனிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். காதல் கதை ஆரம்பிக்கிற லட்சணமா இது என்று கேட்காதீர்கள். ஆரம்பித்தது அப்படித்தான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் செடிகள் வளரும் அறை அது. ஜன்னல் கிடையாது. குழல் விளக்குகளின் மெல்லிய ரீங்காரம், ஈர மண் வாசனை, இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள்... நடுவே ஒரு ஆள் போகத்தான் வழி. தொட்டிகள் நிறைந்த தட்டோடு பின்பக்கமாகவே நடந்து வந்தவனின் தோள், ஓரத்து வரிசையில் இருந்த அவளுடைய செடிகளை உரசிவிட்டது.

அவன் திரும்பினான். விளக்கு வெளிச்சம் மொத்தமும் அவன் கண்களில்தான் விழுந்தது... மிச்சமிருந்த திட்டு அவளுக்கு ஒரு நொடி மறந்தே போனது.

“சாரிங்க... ஏதாவது ஒடிஞ்சிடுச்சா?”

“ஒடிஞ்சாக்கூடப் பரவாயில்ல. தினமும் யாராவது தொட்டுக்கிட்டே இருந்தா செடி குட்டையாப் போயிடும், பூக்கவும் நாளாகும். வேர் வேர்னு மண்ணுக்குள்ளயே கிடக்கறவருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?”

“அட... நான் யாருன்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே!”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காய்ந்த மண்ணில் வேர்கள் எப்படித் தண்ணீரைத் தேடிப் போகின்றன என்று பார்ப்பது அவன் வேலை. அதனால் அவனுக்கு ‘வேர்’ என்று பெயர். உப்புத் தண்ணீரை ஊற்றி, எந்தச் செடி தாங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அதனால் அவள் ‘உப்பு’. இந்தப் பெயர்களை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தன.

இன்றைக்கு அந்த அறையைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. தொட்டிகள் தானாக நகர்கின்றன. கேமராக்கள் இலையை அளக்கின்றன. மனிதக் கை உள்ளே போவதே இல்லை. நல்லதுதான், ஆராய்ச்சிக்கு நல்லதுதான்... ஆனால் கையால் தண்ணீர் ஊற்றி, அளவுகோல் வைத்து அளந்த அந்தக் காலம் மாதிரி வருமா? மனிதர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளவாவது முடிந்தது.

அந்தச் சண்டைக்குப் பிறகு, அவள் இருக்கும்போதெல்லாம் அவன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பான்.

“நண்டு மாதிரி நடக்கறீங்க!”

“உங்க வாய்க்குப் பயந்துதாங்க. அது சரி... உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்களே, உங்க செடிங்க உங்களை நினைக்குதா?”

“திட்டும்!”

சிரிப்பு... அந்தச் சின்ன அறைக்குள் அது நாள் தவறாமல் கேட்டது. ஒரு சாயங்காலம் இருவரும் வெளியே வந்தால் நல்ல மழை. உள்ளே இருந்தவர்களுக்கு மழை வந்ததே தெரியவில்லை. குடையில்லாமல் வராந்தாவில் நின்றார்கள். அவள் முகத்தில் சாரல் அடித்தது. அவன் சாரல் வரும் பக்கமாக வந்து நின்றுகொண்டான். சட்டை பாதி நனைந்தது. நனையட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்... அந்த மழை இன்னும் கொஞ்ச நேரம் பெய்திருக்கலாம்.

அப்புறம்தான் வந்தது வினை.

செடிகளை அளந்தபோது, ஓரத்து வரிசை மட்டும் குட்டை. உப்பு ஊற்றியதும் குட்டை, ஊற்றாததும் குட்டை. வாராந்தரக் கூட்டத்தில், ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் மேடம் காரணம் கேட்டார். மாதக்கணக்கான உழைப்பு வீணான ஆத்திரம் அவளுக்கு.

“அந்த வழியாப் போறவர் இவர் ஒருத்தர்தான் மேடம். இவர் உரசி உரசியே என் செடி வீணாப்போச்சு.”

அத்தனை பேர் முன்னால் அவன் முகம் சுருங்கியது.

“முதல் நாளுக்கப்புறம் நான் தொடவே இல்லங்க.”

“அப்போ செடி தானாக் குட்டையாயிடுச்சா?”

மறுநாளே அவனுடைய அலமாரி காலி. தொட்டிகளையெல்லாம் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். நேரில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தான். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, சீக்கிரம் கிளம்பிவிடுவான் என்று பேசிக்கொண்டார்கள்.

போகட்டும்... யாருக்கு நஷ்டம்? இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் அக்காவிடம் எரிந்து விழுந்தாள். “கோவம் என் மேலயா, வேற யார் மேலயாவதா?” என்றாள் அக்கா.

புதிதாக விதைத்து வளர்த்தாள். இந்த முறை அந்த அறைக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அதே ஓரத்து வரிசை... முன்பைவிடக் குட்டை!

ஒரு நாள் மேடம் உள்ளே வந்தார். அவள் வழியில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா, விளக்கு சரியா இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“தண்ணி?”

“சரியாத்தான் ஊத்தறேன் மேடம். என்னன்னே புரியல...”

மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“முதல்ல அந்தக் கையை எடும்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் ஓரத்து வரிசை இலைகளை மெதுவாக வருடிக்கொண்டிருந்தன. கண்கள் இவ்வளவு நேரமும் எதிரே இருந்த காலி அலமாரியில்... ஐயோ! இத்தனை நாளும் இப்படித்தானா?

பழி சுமத்தியது ஊர் முன்னால். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா? அவன் கிளம்புமுன் ஒரே ஒரு கூட்டம்தான் பாக்கி. அன்றைக்கு எழுந்து நின்றாள்.

“செடியைத் தொட்டது அவர் இல்ல. நான்தான். எனக்கே தெரியாமத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எல்லார் முன்னாடியும் அவர் மேல பழி போட்டேன்... என்னை மன்னிச்சிடுங்க.”

கணக்குப் போடும் சக ஆராய்ச்சியாளர் விடுவாரா? “அறை முழுக்கச் செடி இருக்கே. அந்த வரிசை மட்டும் ஏன்?”

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும்.

“அங்க நின்னாதான்... அவரோட அலமாரி தெரியும்.”

கடைசி நாற்காலியிலிருந்து அவன் எழுந்தான்.

“எனக்கும் ஒரு சந்தேகம். முதல் தடவை நான் அங்க இருந்தேன். சரி. ரெண்டாவது தடவை வெறும் அலமாரிதானே? அப்புறம் ஏன் செடி இன்னும் குட்டை?”

கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! அவள் கண்களில் நீர் முட்டியது. ஆனாலும் பார்வையை விலக்கவில்லை.

“நீங்க இருந்தப்போ, நீங்க கிளம்பினதும் நானும் கிளம்பிடுவேன். காலியானப்புறம்... எப்பக் கிளம்பறதுன்னே தெரியல. நின்னுக்கிட்டே இருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. வெறுத்துட்டு மட்டும் போகாதீங்க.”

அவன் நாற்காலிகளைத் தாண்டி அவள் முன்னால் வந்து நின்றான்.

“வெறுக்க முடிஞ்சிருந்தா போன மாசமே போயிருப்பேங்க... கிளம்பற தேதிய இதோட மூணு தடவை மாத்திட்டேன். உங்களை விட்டுட்டு என்னால போக முடியல.”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்துப் பேச வேண்டியவரை அன்று யாரும் கூப்பிடவில்லை.