பீலியில் கண்டல் இலை

பீலியில் கிடந்தவை முருங்கை இலைகள் அல்ல. அகீலாவின் வளவில் நிற்பது ஒரேயொரு முருங்கை. கூரைப் பீலியை அடைக்க அதுவே தாராளம். ஆனால் இன்று கைக்கு வந்தது தடித்த, உப்புப் படிந்த கண்டல் இலை. கண்டல் நிற்பது பனிச்சங்கேணி வாவிக் கரையில். அவ்வளவு தூரம் காற்று எதையும் சுமந்து வராது. அதுவும் நேற்றுத்தான் வழித்தெடுத்த பீலி.

கிணறு உப்பு. பீலி வழியே தொட்டியில் விழும் மழைத் தண்ணீர்தான் குடிக்க. மாரி தொடங்கினால் புருஷன் உதயரூபன் ஏறுவான், அவள் ஏணியைப் பிடிப்பாள். ஆவணியில் வாவிக்கு வலை போடப் போனான். தோணி மட்டும் திரும்பி வந்தது.

"முப்பத்தோராம் நாள் காரியத்த முடிச்சிருவம் கா. அவன் இனி வரமாட்டான்," என்று அவன் அக்கா அன்னப்பூரணி கெஞ்சிப் பார்த்தாள்.

"உடம்ப நான் காணல்ல மச்சாள். அவர் வருவார்."

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் படலையைத் திறந்துவைத்து, வாவிப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவாள்: "வாங்க, சோறு ஆறுது." பெயர் சொல்ல மாட்டாள். பெண்சாதி பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். போனவனுடைய ஆயுசுக்கு இவ்வளவு காவல்!

இன்றும் கூப்பிட்டுவிட்டுத்தான் ஏறியிருந்தாள். தகரத்தில் மழை இரைந்த இரைச்சலில் வீதியில் போன மோட்டார் சைக்கிள்கூடக் கேட்கவில்லை. அழுகிய இலை மணத்துக்கும் சேற்று மணத்துக்கும் அடியிலிருந்து ஈரவலையின் மணம் மெல்ல எழுந்து மூக்கில் ஏறியபோது, அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏணி வழுக்கியது. பிடிக்க ஒரு ஆள் இல்லையே என்று வாய்விட்டே அழுதாள்.

ஏணி நின்றது.

யாரோ பிடித்திருந்தார்கள்.

"வந்திட்டீங்களா?"

பிடி மட்டும் இறுகியது. அழுகையோடு சிரித்தபடி குனிந்து பார்த்தாள்.

ஒரு கை. ஊறி வெளிறிய கை. அதில் கண்ணாடி வளையல். பக்கத்தில் இன்னொரு கை, நகமே இல்லாமல். அதற்குக் கீழே ஒரு குழந்தையின் கை. படலைவரை ஆட்கள். வாவிப் பாதை நெடுக ஆட்கள். நனைந்த ஆட்கள்.

"பேர் சொல்லாமக் கூப்பிட்டீங்களே," என்றது ஒரு பெண்குரல். "சோறு எங்க?"

அத்தனை முகத்திலும் அகீலா அவனைத் தேடினாள். இல்லை.

குழந்தையின் கை அடுத்த படியைப் பற்றியது.